சைக்கிளில் ஊர் ஊராக வருகிறவர்களுக்கு நம்ம வடசென்னையில் யாராவது இடம் கொடுத்திருக்கிறீர்களா?

காசிமேட்டுப் பையன்

விழிப்புணர்வு போர்டு கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார்களே, அவர்களில் ஒருத்தனைப் பற்றித்தான். 2022 நவம்பர், நல்ல மழை. கொல்கத்தாவில் கிளம்பி 16ஆம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிடித்தே வந்திருக்கிறான். ஹேண்டில்பாரில் மூன்று மொழியில் எழுதியிருந்தான், தமிழில் "இரத்த தாணம்". தெருமுனை டீக்கடையில் நனைந்துகொண்டு நின்றவனை அம்மாதான் வீட்டுக்குக் கூட்டி வந்தார். நெத்திலிக் குழம்பு, மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அப்புறம் கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக் காட்டி, ராத்திரி மட்டும் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான்.

ஹவுஸ் ஓனர் ஒத்துக்க மாட்டார் என்று சொல்லிவிட்டேன். வீடு எங்களுடையது, தாத்தா கட்டினது. தங்கச்சி இருக்கிறாள், இருப்பது ஒரே அறை, அம்மா ராத்திரி 2 மணிக்கே மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுவார், காரணமெல்லாம் இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லியிருக்கலாமே. அவன் "டீக் ஹை பையா", சரி அண்ணா, என்று எழுந்தான். உட்கார்ந்த இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. தன் துண்டை எடுத்து, முட்டி போட்டு, சுவர் ஓரம் வரைக்கும் துடைத்துவிட்டுத்தான் வெளியே போனான். முகம் மறந்துவிட்டது, அந்தக் குனிந்த முதுகு மறக்கவில்லை. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

டோல்கேட் பஞ்சர் கடை

எங்கள் கடைக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். பிளாஸ்டிக் ஒழிப்போ என்னவோ, கொடி கட்டியிருந்தார்கள். அந்தம்மாவின் பின்சக்கரம் பஞ்சர். அப்பாவுக்குப் பஞ்சர் ஒரு விஷயமா, டயரைக் கழற்றி, டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டார். காற்று அடிக்கும்போதுதான் மாட்டிக்கொண்டார். வால்வு பென்சில் மாதிரி ஒல்லியாக இருக்கிறது, முனையில் ஒரு குட்டி மரை, அதைத் தளர்த்தினால்தான் காற்றே ஏறும். நம்ம மெஷின் வாய் அதில் உட்காரவில்லை. நாற்பது வருஷமாகக் காற்று அடிக்கிற மனுஷன், சுற்றி நாலு ஆட்டோக்காரர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், காது சிவந்துபோச்சு. அந்தம்மா பையிலிருந்து சுண்டு விரல் நகம் அளவு ஒரு பித்தளை அடாப்டரை எடுத்து மாட்டினார், காற்று ஏறிவிட்டது. அதை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார்.

விஷயம் அதில்லை. அப்பா காசு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். டீ, பட்டர் பிஸ்கட் எல்லாம் இவர் செலவு. சாயங்காலம் தொட்டித் தண்ணீரைக் கொட்டும்போது அடியில் நனைந்துபோன 500 ரூபாய் நோட்டு. "வேணாம்னு சொன்னா இன்னா அர்த்தம்? விருந்தாளிகிட்ட கூலி வாங்குவாங்களாடா?" என்று அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. நல்ல மனசில் வைத்ததுதான், எனக்குத் தெரியும். அவருக்கு இன்றைக்கு வரைக்கும் புரிய வைக்க முடியவில்லை.

சென்னை-21

காசிமேட்டுத் தம்பி எதுக்கு ஃபீல் பண்ணுகிறீர்கள் என்று தெரியவில்லை, நீங்கள் செய்தது சரி. காசே இல்லாமல் இந்தியா சுற்றுகிறேன் என்று கிளம்பினால் அவனுடைய சோற்றுக்கு யாரோ காசு போடுகிறார்கள் என்றுதானே அர்த்தம். எங்கள் கொருக்குப்பேட்டையில் ஒருத்தன் வந்தான், மரம் நடச் சொல்லி. பெரியம்மா வீட்டு மொட்டை மாடியைக் கொடுத்தோம். காலையில் கேமராவை ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டான், நைட்டியில் இருந்த பெரியம்மா முறத்தை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். வீடியோவில் அந்த முறம் அப்படியே இருக்கிறது. மேலே "ஏழைகளின் அன்பு" என்று தலைப்பு. மூணு மாடி வீடுய்யா அது! மரம் ஒன்றுகூட நடவில்லை.

மாதவரம் மாமா

எங்கள் வீட்டில் ஒருத்தர் தங்கினார், போய்விட்டார், ஒரு பிரச்சினையும் இல்லை.

சொல்ல வந்தது வேறு. பஞ்சர் கடைத் தம்பி கவனிக்கவும், வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும், சி ஃபார்ம் என்று சொல்லி வந்தார்களே, அது. லாட்ஜுக்கு மட்டும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு. பாஸ்போர்ட், விசா விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். இரண்டாவது, ஆந்திரா பக்கமிருந்து வருகிறவர்களைத் தச்சூர் கூட்ரோட்டில் திரும்பிப் பொன்னேரி, மீஞ்சூர் வழியாக வரச் சொல்லாதீர்கள், மேப்பில் பார்த்தால் கடலோரமாக அழகாகத்தான் தெரியும். மீஞ்சூர் தாண்டியதும் டேங்கர், மணலியில் கண்டெய்னர், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசை. இருட்டில் இரண்டு லாரிக்கு நடுவில் சைக்கிள் வருவது டிரைவருக்குத் தெரியவே தெரியாது. நேராகச் செங்குன்றம் வந்து மாதவரம் ரவுண்டானாவில் இறங்கட்டும். இருட்டின பிறகு வந்தால் செங்குன்றத்திலேயே தங்கச் சொல்லுங்கள். அப்புறம், தயிர் கொடுக்காதீர்கள், மோராகக் கொடுங்கள், உப்பு கூடப் போட்டு. கிளம்பும்போது செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், மண் ஒட்டும்.

வியாசைக்காரி

21 அண்ணா, ஒருத்தன் கேமராவோடு வந்ததற்காக எல்லோரையும் ஏன் திட்டுகிறீர்கள். நானே அப்படிப் போனவள்தான். காலேஜில் படிக்கும்போது ஆறு பேர், காசநோய் விழிப்புணர்வுக்காக இங்கிருந்து கன்னியாகுமரி வரைக்கும், கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். எனக்கு கியர் சைக்கிள்கூடக் கிடையாது, பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள்தான், வழியில் இரண்டு தடவை வீல் கோட்டம் எடுத்தோம். கொஞ்சம் காசு வைத்திருந்தோம். ஆனால் ராத்திரி ஒரு திண்ணை யாராவது கொடுத்தால்தான் உண்டு, அதை எந்தக் காசும் வாங்கித் தராது.

எந்த ஊரும்மா என்று கேட்பார்கள். வியாசர்பாடி என்று முதல் இரண்டு நாள் சொன்னேன். சினிமா பார்த்தே நம்ம ஏரியாவைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், முகம் மாறுவது நன்றாகத் தெரியும். மூன்றாவது நாளிலிருந்து பெரம்பூர் என்று சொல்ல ஆரம்பித்தேன். கோவில்பட்டி பக்கம் ஒரு பாட்டி வீடு. எங்கள் மூன்று பெண்களுக்கும் உள்ளே கட்டில், பாய் எல்லாம் கொடுத்தார், பையன்களுக்குத் திண்ணை. விடியற்காலையில் எழுந்து வந்து பார்த்தால் பாட்டி வெளியே எங்கள் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார், ஒரு கை என் சைக்கிளின் பெடலைப் பிடித்தபடி. "ராத்திரி எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா, பெரம்பூருக்கு எப்படித்தா போவ?" என்று கேட்டார்.

காசிமேட்டுத் தம்பி, நீங்கள் ஹவுஸ் ஓனர் என்று சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்தப் "பெரம்பூருக்கு" தான் காதில் கேட்டது.

சென்னை-21

பெரம்பூர் என்று சொன்னதில் தப்பே இல்லை. நான் பொண்ணு பார்க்கப் போனபோதே கொருக்குப்பேட்டையைத் தண்டையார்பேட்டை என்றுதான் சொன்னேன். அந்த வீடியோ மேட்டர் வேறு, அதில் நான் சொன்னது சொன்னதுதான்.

மாதவரம் மாமா

பஞ்சர் கடைத் தம்பி, அந்தப் பித்தளை அடாப்டர் இன்னும் இருக்கிறதா? என் மச்சான் வெளிநாட்டு சைக்கிள் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு காற்றடிக்க முடியாமல் அலைகிறான்.

டோல்கேட் பஞ்சர் கடை

இருக்கிறது மாமா, கல்லாவுக்கு மேலே ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். தரமாட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அடித்துக் கொடுப்பார். காசு மட்டும் நீட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.