வாங்கவும் 'மை', விக்கவும் 'மை': சீனத்தோட ஏத்த இறக்கத்தைக் காதுல பிடிக்கிறது எப்படி?

கேள்வி: கேட்டடி பஸ்

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில் ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன். எங்க கலர் சார்ட்டர் சீனாவுல ஹெஃபெய்ங்கிற ஊர்லேர்ந்து வந்தது. அரிசி சரிவுல இறங்கும்போதே கேமரா பாத்து, கருப்போ பழுப்போ தெரிஞ்சா 'டிக்'னு காத்தடிச்சுத் தள்ளிடும். அந்தக் காத்தடிக்கிற எஜெக்டர் போச்சுன்னா ஸ்பேர் அங்கேர்ந்துதான் வரணும். பேசி வரவழைக்கிறது என் பொறுப்பு. இங்கிலீஷ்ல மெயில் போட்டா மூணு நாள் கழிச்சு ஒரு வரி பதில் வரும். அதனால எட்டு மாசமா சீனம் படிக்கிறேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல பஸ் நிக்கிற நேரந்தான் எனக்கு வகுப்பு.

படிக்கப் படிக்க ஆச்சரியமா இருக்கு. அங்க பழக்கமானவங்களைப் பாத்தா "ச்சி ல மா?"ன்னு கேக்குறது உண்டாம். 'ச்சி'ன்னா சாப்பிடு, 'ல'ன்னா ஆச்சு, 'மா' நம்ம கேள்வி 'ஆ'. அப்படியே வரிசை மாறாம 'சாப்டாச்சா'! அன்னைக்கு பஸ்ல எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. 'நான் வாங்கின புத்தகம்'னு சொல்ல "வோ மை த ஷு". நான், வாங்கு, ன, புத்தகம். இங்கிலீஷ்ல இதைத் திருப்பிப் போட்டுல்ல சொல்லணும்? அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி நாலுக்கும் தனித்தனிச் சொல். அத்தை வேற, சித்தி வேற. மெயில்ல என்னை 'டியர் மேடம்'னு எழுதுற விற்பனைப் பையன், நான் ரெண்டு வார்த்தை சீனத்துல பேசினதும் 'ஜியே'ன்னு கூப்பிட்டான். அக்கான்னு அர்த்தம்.

ஆனா குரல் ஏத்த இறக்கத்துலதான் மாட்டிக்கிட்டேன். 'மா'வை நேரா இழுத்தா அம்மா, ஏத்தினா சணல், தாழ்த்தினா குதிரை, வெட்டி இறக்கினா திட்டு. புத்தகத்துல புரியுது, காதுல நாலும் ஒண்ணாத்தான் விழுது. போன வாரம் 'எஜெக்டர் வாங்கணும்'னு சொல்றதா நினைச்சு 'விக்கணும்'னு சொல்லியிருக்கேன். ரெண்டுமே 'மை'தான், குரல்தான் வேற. அந்தப் பையன் எங்ககிட்ட எஜெக்டர் எப்படி வந்துச்சுன்னு கேட்டு, அதைத் தெளியவைக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள ஒரு லோடு அரிசி சார்ட்டர்ல ஏத்த முடியாம நின்னுச்சு. தமிழ்க் காதுக்கு இது பிடிபட வழி இருந்தா சொல்லுங்க.

பதில் 1: சிங்கப்பூர் திரும்பி, பட்டுக்கோட்டை

தங்கச்சி, சிங்கப்பூர்ல பதினோரு வருஷம் வேலை பாத்தேன். கூட இருந்த மேஸ்திரி சீனர். நான் புத்தகம் வச்சுப் படிக்கல, எல்லாம் காது வழியா வந்ததுதான். நம்மகிட்ட குரல் ஏத்த இறக்கம் இல்லன்னு நினைக்காதீங்க. சொல்லுக்குள்ள இல்ல, அவ்வளவுதான். பேச்சுல நிறையவே இருக்கு.

முதல் குரலுக்கு நாதஸ்வரத்துக்குப் பின்னால ஒத்து ஊதுறவரை நினைச்சுக்குங்க. மேல ஒரே சுருதி, அசையாது. ரெண்டாவது, போன்ல சரியா கேக்காதப்ப "ஆங்?"னு ஏத்துவோம்ல, அது. நாலாவது, நெல்லு காயப்போட்ட இடத்துல மாடு வாய் வச்சா "ஏய்!"னு மேலேர்ந்து கீழ போடுவோமே, அதேதான்.

மூணாவதுதான் எல்லாருக்கும் இடிக்கும். கீழ இறங்கி மேல ஏறும்னு புத்தகத்துல கோடு போட்டுக் காட்டுவாங்க. தனியா சொன்னா அப்படித்தான். ஆனா பேச்சோட பேச்சா வரும்போது முக்கால்வாசி கீழேயே கிடக்கும். ராத்திரி ஒருத்தர் கதை சொல்ல, பெரியவங்க திண்ணையில சாஞ்சுக்கிட்டு "ம்ம்ம்"னு அடித்தொண்டையில ம் கொட்டுவாங்க பாருங்க, அந்தத் தாழ்வுதான்.

இப்ப உங்க வாங்குறதுக்கு வருவோம். 'மை'யைத் தனியா சொல்லிப் பழகாதீங்க. "வோ யாவ் மை"ன்னு சேத்தே சொல்லுங்க. 'யாவ்'னா வேணும், அது நாலாவது, விழுந்துடும். வாங்கணும்னா விழுந்த குரல் எழுந்திருக்கவே கூடாது, தாழ்வாவே 'மை'. விக்கணும்னா மறுபடி மேல போய் இன்னொரு தடவை விழணும். ஒரு விழுச்சலா ரெண்டு விழுச்சலான்னு எண்ணுங்க. நான் அப்படித்தான் பிடிச்சேன்.

பதில் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகப்பட்டினம்

அம்மா, உங்கள் ஆர்வம் மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஒலியைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். சீனரின் 'பெய்ஜிங்' என்ற சொல்லின் முதலெழுத்து, 'பல்' என்பதில் வரும் நம் பகரமேதான். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அதை அதிர்த்துச் சொல்ல வேண்டாம். அவர்களிடம் இன்னொரு பகரம் உண்டு, மூச்சு வெடித்து வெளியே வரும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துப் பாருங்கள். நம் 'பல்'லுக்குக் காற்று படாது, அதற்குப் படும். க, த இரண்டுக்கும் இதே கதைதான். மனிதர் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ரென்' என்ற சொல்லின் ரகரம் நம் ரகரமன்று, ழகரத்துக்கு மிக அருகில் நிற்பது. நாவை மடித்து 'ழென்' என்று சொல்லிப் பாருங்கள். பிற நாட்டார் மாதக்கணக்கில் திணறும் ஒலி, நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

இந்தக் கரைக்குச் சீனம் புதிதல்ல. சீனத்துச் சுவான்ஜௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் உண்டு, முடிவில் சீன எழுத்தும் உண்டு. இலங்கைக் காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்லில், சீனக் கப்பல்தலைவர் செங் ஹ சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதுவித்தார். இரு மொழியும் தெரிந்து நடுவில் நின்றவர்கள் இல்லாமல் அந்தக் கற்கள் எழுந்திருக்குமா? நீங்கள் இன்று செய்வது அந்த வேலைதான், அம்மா.

பதில் 3: குடந்தை இலைக்கடை

அக்கா, எண்ணிக்கையையும் விட்டுடாதீங்க. சீனத்துல ஒவ்வொண்ணுக்கும் தனி அளவுச் சொல். புத்தகம்னா 'பென்', பேப்பர் மாதிரி தட்டையானதுன்னா 'ஜாங்', மீன், ஆறுன்னு நீளமா இருக்கிறதுக்கு 'தியாவ்'. இதை மனப்பாடம் பண்ண முடியலன்னு நிறைய பேர் சொல்றாங்க. நாம வெத்தலையைக் கவுளியிலயும், வாழைப்பழத்தைச் சீப்புலயும், பூவை முழத்துலயும் கேக்குறவங்க. ரெண்டு மூணு வாரத்துல வந்துடும். மெஷின் சாமானுக்குப் பொதுச் சொல் 'க' போதும்.

கேள்வி கேட்டவர்

அண்ணே, ஐயா, தம்பி, எல்லாருக்கும் நன்றி. நாலு நாளா பஸ்ல "யாவ் மை, யாவ் மை"தான். பக்கத்து சீட்டு ஆயா என்ன பாட்டுன்னு கேட்டாங்க. சொன்னதும் அவங்களும் "ம்ம்ம்"னு தாழ்த்திச் சொல்லிக் காட்டினாங்க, என்னை விடச் சரியா.

நேத்து காலையில ஒம்போது மணிக்கே போன் போட்டேன். ரெண்டரை மணி நேரம் அவங்க முன்னாடி, நமக்கு ஒம்போதரைன்னா அங்க பன்னெண்டு, சாப்பிட்டுத் தலை சாய்ச்சுடுவாங்க. "வோமன் யாவ் மை"ன்னேன் ('வோமன்'னா நாங்க), ஒரே விழுச்சல், அப்புறம் தாழ்வு. ஒரு நொடி தயங்கல. "ஹாவ், ஜியே", அதாவது 'சரிக்கா'ன்னுட்டு எத்தனைன்னு கேட்டான். நாலுன்னு சொன்னேன். நாலா பத்தான்னு திருப்பிக் கேட்டான். அவங்க நாலு 'ஸ்', பத்து 'ஷ்', அவன் பேச்சுல ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது. நாலுக்குக் குரல் விழும், பத்துக்கு ஏறும். மாட்டை விரட்டுற மாதிரி மேலேர்ந்து ஒரு "ஸ்!" போட்டேன்.

இன்னைக்கு ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் வந்துடுச்சு. எஜெக்டர், எண்ணிக்கை 4.