மலை விமான நிலையத்துக்கு 13பி ரோட்டரி: 9.7 கம்ப்ரெஷனா, 9.0 ரோட்டருடன் டர்போவா?

கேனார்ட்காரன்:
கொலராடோவில் கோஸி மார்க் 4 கட்டிக்கொண்டிருக்கிறேன். அது 180 ஹெச்.பி. லைகோமிங் ஓ-360-ஐ மனதில் வைத்து வரைந்த விமானம். நான் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் மாஸ்டா 13பி கார் என்ஜினை வைக்கிறேன், அந்த முடிவு மாறாது. கேள்வி ரோட்டரைப் பற்றி மட்டும். 1989-91 ஆர்எக்ஸ்-7 கார்களிலிருந்து எடுத்த இரண்டு ஜோடி இருக்கின்றன: டர்போ (எக்ஸாஸ்டின் விசையால் காற்றை அழுத்தி என்ஜினுக்குக் கொடுப்பது) இல்லாத மாடலின் 9.7 கம்ப்ரெஷன் (அறைக்குள் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற விகிதம்), டர்போ மாடலின் 9.0. என் ஓடுதளமே கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல். கோடையில் லெட்வில்லுக்குப் போய்வர வேண்டும். 9,900 அடிக்கு மேல் இருக்கும் அது வட அமெரிக்காவிலேயே உயரமான விமான நிலையம். கோஸிக்கு ஓடுதளம் நிறைய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த ஜோடியைப் போடுவது?

சீல்பித்தன்:
9.7 போடுங்கள், டர்போவை மறந்துவிடுங்கள்.

1986-க்குப் பிறகு வந்த 13பியில் ஏபெக்ஸ் சீலின் (ரோட்டர் முனைகளில் வாயு கசியாமல் அடைப்பது) தடிமன் 2 மி.மீ. தான். லேசான டெட்டனேஷனை (எரிபொருள் ஒழுங்காக எரியாமல் தானாக வெடிப்பதை) பிஸ்டன் என்ஜின் கொஞ்ச நேரமாவது பொறுத்துக்கொள்ளும். ரோட்டரியில் பலமாக ஒன்று விழுந்தால் சீல் உடைந்துவிடும். காரில் பூஸ்ட் (டர்போ கூட்டிக் கொடுக்கும் அழுத்தம்) வருவது முந்தும்போது சில வினாடிகள். விமானத்தில் ஏறி முடிக்கும்வரை அதே சுமையில் நிற்க வேண்டும். 1991-இல் லெ மான்ஸ் ஜெயித்த மாஸ்டா 787பியைப் பாருங்கள். நான்கு ரோட்டர், கம்ப்ரெஷன் 10, டர்போ கிடையாது. 24 மணி நேரம் ஓடி முதலில் வந்த என்ஜின் அது.

மேல்வானம்:
லெ மான்ஸ் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் நடக்கிற பந்தயம் சார். இவர் கேட்பது லெட்வில்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 9.0-இலிருந்து 9.7-க்குப் போனால் ஏட்டுக்கணக்கில் கிடைப்பது சுமார் 2 சதவீதம். ரோட்டரியின் எரிப்பு அறை நீண்டு தட்டையானது, சுவர்ப்பரப்பு அதிகம், வெப்பம் உலோகத்துக்குப் போய்விடுகிறது. அதனால் அந்த 2-ம் முழுசாகக் கைக்கு வராது. இன்னொரு பக்கம், 10,000 அடியில் காற்றழுத்தம் 29.92 அங்குலத்திலிருந்து (பாதரச அளவில்) 20.6-க்கு இறங்குகிறது. கிட்டத்தட்ட 30 சதவீத சக்தி போய்விடும். ஜூலை வெயிலில் காற்று இன்னும் மெலிந்து, விமானம் 12,000 அடியில் இருப்பதுபோல நடந்துகொள்ளும்.

நான் 40 அங்குலம் பூஸ்ட் கேட்கவில்லை. கடல்மட்டத்தில் இயல்பாகக் கிடைக்கும் 30 அங்குலத்தை மேலேயும் கொடுங்கள், அதற்குமேல் ஒரு அங்குலமும் வேண்டாம். டர்போ நார்மலைசிங் அவ்வளவுதான். அதை 9.0 ரோட்டர் நிம்மதியாகத் தாங்கும்.

சீல்பித்தன்:
30 அங்குலம் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான் என்கிறீர்கள். ஒன்றல்ல. டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று சூடாக வரும். டர்பைன் எக்ஸாஸ்டை மறிப்பதால் எரிந்த வாயு கொஞ்சம் அறைக்குள்ளேயே தங்கும். இரண்டும் டெட்டனேஷனை அழைக்கிறவை.

இன்னொன்று. ஏபெக்ஸ் சீல் உடைந்தாலும் ரோட்டரி பெரும்பாலும் நிற்காது, சக்தி குறைந்து ஓடிக்கொண்டே இருக்கும். நாம் இந்த என்ஜினை நம்புவதே அதனால்தான். டர்போ இருந்தால் உடைந்த துண்டு நேராக டர்பைன் இறக்கையில் அடிக்கும். இறக்கை சிதைந்து தண்டு ஆடினால் டர்போவின் எண்ணெய் சூடான எக்ஸாஸ்டுக்குள் கொட்டும். கோஸியில் என்ஜின் முதுகுப் பக்கம், அதற்கும் பின்னால் புரொப்பெல்லர். கௌலிங்குக்குள் (என்ஜின் மூடிக்குள்) எது கழன்றாலும் புரொப்பெல்லருக்குள்தான் போகும். ரோட்டரி எக்ஸாஸ்டின் சூட்டில் சைலன்ஸரே நிலைக்காமல் நாம் படும் பாடு போதாதா?

மேல்வானம்:
சூட்டையும் கணக்குப் போட்டுவிடலாம். கம்ப்ரெஸர் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன்.

லெட்வில், 20 டிகிரி செல்சியஸ், 30 அங்குலத்துக்கு அழுத்தினால்: சுமார் 67 டிகிரி.
கடல்மட்டம், 35 டிகிரி, 10 பி.எஸ்.ஐ. பூஸ்ட்: சுமார் 105 டிகிரி.

சீலை உடைத்த கதைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வரியைச் சேர்ந்தவை. முதல் வரிக்கு அந்தக் காற்றைக் குளிர்விக்க ஒரு சிறிய இன்டர்கூலர் போதும்.

சீல் துண்டு டர்பைனில் அடிக்கும் என்பதை மறுக்க மாட்டேன். டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாயில் அடைப்பு வால்வு வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் கட்டாயம் வைப்பேன். ஆனால் சூடான மதியத்தில், ஓடுதள முடிவில், எதிரே மலையோடு ஏற முடியாமல் போவதும் ஆபத்துதான். அதை உங்கள் கணக்கில் காணோம்.

ரோட்டர்தச்சன்:
இருவருக்கும் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு விஷயம் விட்டுப்போகிறது.

ஒன்று, எந்த டர்போ? கார் டர்போவின் டர்பைன் சிறியது, குறைந்த வேகத்தில் சட்டென்று பிடிக்க வேண்டுமே. அதைத் தொடர்ந்து 6,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் அதன் வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்டை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) போதாது, பூஸ்ட் தானாக ஏறும். மேலே காற்று மெலிய மெலிய, அதே 30 அங்குலத்துக்கு அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அப்படி எல்லை தாண்டிச் சுற்றித்தான் கார் டர்போக்கள் போகின்றன. நார்மலைசிங் செய்தால் பெரிய டர்பைன் உள்ளதைத் தேடுங்கள்.

இரண்டு, ஆர்.பி.எம். 2.85 விகித கியர்பாக்ஸ் வைத்தால் என்ஜின் 7,500-இல் ஓடும்போது புரொப்பெல்லர் 2,630-தான். ரோட்டர் ஷாஃப்டின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், 2,500-இல், சுற்றும். அதற்கு அது சிரமமே இல்லை. புரொப்பெல்லர் பிட்சை (இறக்கையின் சாய்வை) குறைத்து, இன்டேக் குழாய் நீளத்தை அந்த வேகத்துக்குப் பொருத்தினால், இழந்ததில் ஒரு பகுதி டர்போ இல்லாமலே திரும்பி வரும்.

கேனார்ட்காரன்:
பெட்ரோல்? இங்கே பங்குகளில் 85 ஆக்டேன் சாதாரணம்.

மேல்வானம்:
மலையில் என்ஜினுக்குள் அழுத்தம் குறைவு என்பதால்தான் 85 விற்கிறார்கள். 30 அங்குலம் கொடுத்தால் அந்தச் சலுகை போய்விட்டது. எத்தனால் கலக்காத 91 போடுங்கள், அவசரத்துக்கு 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல். அதன் ஈயம் பிளக்கில் படியும், அடிக்கடி மாற்ற வேண்டும். எதைப் போட்டாலும் காலனுக்கு ஒரு அவுன்ஸ் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்.

கேனார்ட்காரன்:
அப்படியானால் 9.0 ரோட்டர் போடுகிறேன். டர்போ இல்லாமல் ஓடினாலும் 2 சதவீதம்தான் நஷ்டம். 40 மணி நேரச் சோதனைப் பறப்பை டர்போ இல்லாமலே முடிக்கிறேன். அதுவரை லெட்வில் இல்லை.

சீல்பித்தன்:
9.7 என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் இந்த வரிசை சரி. டர்போ சேர்க்கும் நாளில் அது பெரிய மாற்றம், மறுபடி சோதனைப் பறப்புக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேஸ்ட்கேட்டைத் திறந்தே வைக்கிற பக்கம் ஸ்பிரிங் போடுங்கள். கேபிள் அறுந்தால் பூஸ்ட் போகட்டும், சீல் போகக் கூடாது. கேபினில் இன்டேக் சூட்டைக் காட்டும் மீட்டர் இல்லாமல் அந்த டர்போவோடு பறக்காதீர்கள்.

மேல்வானம்:
ஸ்பிரிங், மீட்டர் இரண்டுக்கும் என் ஆதரவு. முதல் ஜூலையிலேயே டர்போ வாங்கிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கான இடத்தைக் கௌலிங்கில் இப்போதே விட்டுவையுங்கள்.