ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) காண்டெஸ்ட்ல நடந்த ஒரு தொடர்பு இன்னும் மனசை விட்டுப் போகலையா? இங்க எழுதுங்க

பதினஞ்சு மீட்டர்

அக்டோபர் கடைசி வாரம், சிக்யூ வேர்ல்டுவைட் போட்டி, எஸ்எஸ்பி (குரல்) பிரிவு. அந்தக் கூட்டம் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன்.

21 மெகாவில் (15 மீட்டர் பேண்ட்) யாகி ஆண்டெனாவை ஜப்பான் பக்கம் வச்சு காலையிலிருந்தே ரன் (ஒரே இடத்துல நின்னு, கூப்பிடுறவங்களை வரிசையா எடுக்குறது) ஓடிட்டிருந்துச்சு. யாராவது இருக்கீங்களான்னு கேட்டு, பொறுத்து, மறுபடி கேட்டுட்டுதான் அந்த இடத்துல உட்கார்ந்தேன். மதியம் ஒரு மணி வாக்குல ஐரோப்பா திறந்துச்சு, அந்தப் பக்கம் கேட்க ஆரம்பிச்சுது. இத்தாலி ஸ்டேஷன் ஒண்ணு அச்சு அசலா என் மேலயே வந்து நிக்குது. "இந்த ஃப்ரீக்வென்சி பிஸி, நான் விடியறதுக்கு முன்னாலயே இங்க வந்தாச்சு, தயவுசெஞ்சு தள்ளிப் போங்க"ன்னு சொல்றார். அவர் ஊர்ல அப்போ காலை ஒன்பதரை. பேண்ட் திறக்காத வரைக்கும் அவருக்கு நான் கேட்கல, எனக்கு அவர் கேட்கல. ரெண்டு பேருமே அதே இடத்துல ஜப்பானைத்தான் எடுத்துக்கிட்டிருந்திருக்கோம். அவர் பொய் சொல்லல, நானும் சொல்லல.

அந்த நேரம் ஒரு ஜப்பான் ஸ்டேஷன் கூப்பிட்டார். ரெண்டு பேரும் ஒரே நொடியில அவருக்கு 59 (சிக்னல் நல்லாக் கேட்குதுங்கிற ரிப்போர்ட்) கொடுத்தோம். கொஞ்சம் அமைதி. அப்புறம் அந்த மனுஷன் பதற்றமே இல்லாம, "இந்தியா ஸ்டேஷன் முதல்ல, 59 25. இத்தாலி, கொஞ்சம் பொறுங்க"ன்னார். என்கிட்ட 22 வாங்கிக்கிட்டு, அவர்கிட்ட 15 வாங்கிக்கிட்டு (அவர் சொன்ன 25 மாதிரி, அவங்கவங்க மண்டல எண்), ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லிட்டுப் போயிட்டார்.

நான்தான் மேல தள்ளிப் போனேன். புது இடத்துல அந்த வேகம் கடைசி வரைக்கும் வரல. யார் நகர்ந்திருக்கணும்ங்கிற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிக்குது. 73 (வாழ்த்துகள்).

யாழ் கீ

என்ரை கதை அதே போட்டியின்ரை நவம்பர் சிடபிள்யூ (மோர்ஸ்) பிரிவு. பின்லாந்து ஸ்டேஷன் ஒண்டு 7 மெகாவிலை, நிமிசத்துக்கு 30 சொல்லுக்கு மேலை ஓட்டிக்கொண்டிருந்தது. நான் சாதாரண கையாலை அடிக்கிற கீ, என்ரை வேகம் அதிலை பாதிதான். பைல்அப் (ஒரே நேரத்திலை கூப்பிடுற கூட்டம்) எண்டால் சுவர் மாதிரி. ஆனாலும் கூப்பிட்டன்.

அவருக்கு விளங்கினது என்ரை கோல்சைனிலை (ஸ்டேஷன்ரை அழைப்புப் பெயர்) முதல் வாற 4எஸ் மட்டும்தான், அது இலங்கைக்கான எழுத்து. "4எஸ்?" எண்டு கேட்டார். உடனே சுத்தி நிண்ட எல்லாரும் மேலாலை அடிக்கத் தொடங்கிட்டினம், 4எஸ்சுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத ஆக்கள். அவர் ஒருத்தருக்கும் மறுமொழி குடுக்கேல்லை. திருப்பியும் "4எஸ் ஒன்லி" எண்டு அடிச்சார், இந்தமுறை என்ரை வேகத்திலை, ஒவ்வொரு எழுத்தையும் பிரிச்சு. அதுக்குப் பிறகு அந்த இடம் அடங்கினது பாருங்கோ. என்ரை கோல்சைன் தனிய, சுத்தமாப் போனது. 5என்என் (மோர்ஸிலை 599) 22 குடுத்தன், அவர் 15 தந்தார், "டியூ" (நன்றி) எண்டார், அடுத்த செக்கன் பழைய வேகத்துக்குப் போயிட்டார்.

நிப்பாட்டாமல் அடிச்சுக்கொண்டிருந்த ஒரு ஸ்டேஷன் இருந்தது. பிறகும் கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தன். பின்லாந்துக்காரர் அவரை எடுக்கவே இல்லை. பைல்அப்பை ஒழுங்கா வைச்சிருக்கிற பொறுப்பு ஓட்டுறவருக்குத்தான் எண்டு நான் நம்புறது அண்டையிலிருந்துதான்.

ஏஎல்சி அண்ணன்

பதினஞ்சு மீட்டர் ஓஎம் (ஹாம் நண்பரே), "யார் நகர்ந்திருக்கணும்"ங்கிற கேள்வியே தப்பு. லைசென்ஸ் நமக்கு பேண்டைத்தான் கொடுக்குது, ஃப்ரீக்வென்சியை யாருக்கும் எழுதிக் கொடுக்கல. காலையிலிருந்து இருந்தேன்னு சொல்றதுக்கு அந்த மதியத்துல மதிப்பு கிடையாது. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் ஒருத்தர் கேட்க ஆரம்பிச்சாச்சுன்னா, ஒரு கிலோஹெர்ட்ஸ் நீங்க மேல, ஒரு கிலோஹெர்ட்ஸ் அவர் கீழ. முடிஞ்சது. வாதாடுற ஒவ்வொரு நிமிஷமும் ரெண்டு லாக்குக்கும் (தொடர்புப் பதிவேடு) நஷ்டம்.

என் அனுபவம் ஒரு வரிதான். பக்கத்துல ஒருத்தர் ஸ்பீச் பிராசசரை (குரலுக்குப் பலம் கூட்டுற கருவி) முழுசாத் திருப்பி வச்சு, அவர் இருக்கிற இடத்துலேர்ந்து ரெண்டு பக்கமும் ஐஞ்சு கிலோஹெர்ட்ஸுக்கு இரைச்சலாக் கொட்டினார். சொன்னா, "என் ரிக் (ரேடியோ செட்) புதுசு"ன்னார். ரிக் புதுசா இருந்தா என்ன, ஏஎல்சி (பவர் எல்லை மீறாமப் பார்க்குற சுற்று) முள் பேசப் பேச எல்லைக்கு வெளியவே நின்னா அது ஸ்பிளாட்டர்தான், பக்கத்து இடத்துல சிந்துற இரைச்சல். எஸ்எஸ்பி குரலுக்கு 2.4லேர்ந்து 2.7 கிலோஹெர்ட்ஸ் போதும். காண்டெஸ்ட்ல ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல அவ்வளவுகூட இடம் இருக்காது. மைக் கெயினைக் குறைங்க, பிராசசரை அளவா வைங்க, போட்டி தொடங்குறதுக்கு முந்தின நாளே வெளியூர் நண்பர் ஒருத்தரைக் கேட்கச் சொல்லிப் பாருங்க. லீனியர் (பவர் ஆம்ப்ளிஃபையர்) வச்சிருக்கிறவங்க ட்யூன் பண்றதை டம்மி லோடுல (ஆண்டெனாவுக்குப் பதிலா மாட்டுறது) பண்ணுங்க, அடுத்தவன் தலைமேல விசில் அடிக்காதீங்க.

இன்னொண்ணு, புதுசா வர்றவங்களுக்கு. கூப்பிடும்போது முழு கோல்சைனை ஒரே ஒரு தடவை சொல்லுங்க. கடைசி ரெண்டு எழுத்தை மட்டும் சொல்றது நேரத்தை மிச்சப்படுத்தாது, அவர் மறுபடி கேட்டாகணும். அவர் கோல்சைனை நீங்க திருப்பிச் சொல்லத் தேவையில்லை, அது அவருக்குத் தெரியும். "ப்ளீஸ் காப்பி"ன்னு நீட்டாதீங்க. உங்க கோல்சைனை அவர் சரியா எடுத்திருந்தா 59 22, அவ்வளவுதான். தப்பா எடுத்திருந்தா மட்டும் திருத்துங்க, திருத்தாம விடாதீங்க. ஏற்கெனவே வொர்க் பண்ணின ஸ்டேஷன் கூப்பிட்டா "டூப்" (ஏற்கெனவே பேசியாச்சு)னு துரத்தாம மறுபடி எக்ஸ்சேஞ்ச் (அந்த 59 22) கொடுத்துடுங்க, விளக்கம் சொல்றதைவிட அது சீக்கிரம் முடியும். முதல் தடவை அவர் லாக்ல நீங்க ஏறாமலே போயிருக்கலாம்.

காலை நெட்

போட்டி பத்தி எனக்கு ஆர்வம் கிடையாது. ஆனா வருஷாவருஷம் அந்த ஞாயித்துக்கிழமைகள்ல அடி வாங்குறது எங்க 40 மீட்டர் (7 மெகா) நெட்தான், தினமும் காலையில ரேடியோவுல கூடிப் பேசுற குழு.

காலை ஏழு மணிக்கு ஐரோப்பாவுல நடுராத்திரி. 40 மீட்டர் அவங்களுக்கு உச்சத்துல இருக்கும். அவங்க எங்களுக்குக் கேட்பாங்க, எங்க டைபோல் ஆண்டெனா அவங்களுக்குக் கேட்காது. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். நான் சொல்ல வந்தது வேற. எங்க நெட்ல கண் பார்வை இல்லாத மூத்த ஓஎம் ஒருத்தர் இருக்கார். ஒரு நாளும் தவற மாட்டார். அன்னிக்கு அவர் பேசிக்கிட்டிருக்கும்போதே நடுவுல "சிக்யூ காண்டெஸ்ட்"னு ஒரு குரல். நம்ம ஊர்க் குரல்தான், எஸ் மீட்டர் (சிக்னல் பலம் காட்டுறது) முள் கடைசியில முட்டி நிக்குது. நெட் நடக்குதுன்னு சொன்னேன். "17 மீட்டருக்குப் போங்க சார், அங்க காண்டெஸ்ட் கிடையாது"ன்னு பதில் வந்துச்சு. பெரியவர் "பரவாயில்லப்பா, நாளைக்குப் பேசிக்கலாம்"னு சொல்லிட்டு செட்டை அணைச்சுட்டார். அவர் அதைச் சொன்ன விதம்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

12, 17, 30 மீட்டர்ல போட்டி கிடையாதுங்கிறது நிஜம்தான். ஆனா 18 மெகால (17 மீட்டர்) நான் பேசினா மதுரையைத் தாண்டி எங்கேயோ போய் விழும், மதுரையில விழாது. 10 மெகா (30 மீட்டர்) குரலுக்கான இடமே இல்ல. 80 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 40 மீட்டர் நீளத்துக்கு ஒயர் கட்டணும், அதுக்கு எந்த மாடியில இடம் இருக்கு? காலையில முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்குள்ள பேச எங்களுக்கு 7 மெகாதான் கதி. அண்ணன் லைசென்ஸ் பத்திச் சொன்னது சரி. அது போட்டிக்காரருக்கும் சேர்த்துத்தானே?

பதினஞ்சு மீட்டர்

அண்ணே, ஒரு கிலோஹெர்ட்ஸ் மேல போக எனக்கு இடமே இல்ல. மேல உக்ரைன் ஸ்டேஷன், கீழ ஒரு ரஷ்ய ஸ்டேஷன், ரெண்டும் முழு பலத்துல. அன்னிக்கு அங்க இருந்து பார்த்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க. பேண்ட் முழுக்கத் தேடி, 21.400க்கு மேலதான் எனக்கு ஒரு பொந்து கிடைச்சது.

நெட் ஓஎம், உங்க ஃப்ரீக்வென்சியை இங்க போடுங்க. நம்ம ஊர்ல போட்டி பண்றவங்க குரூப் ஒண்ணு இருக்கு, அதுல சொல்லி வைக்கிறேன். வெளிநாட்டுக்காரங்களை நிறுத்த முடியாது. நம்ம ஆளுங்க ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும் அந்த ஒரு இடத்தை விட்டுட்டுப் போகலாம், அதுல யாருக்கும் ஒண்ணும் குறைஞ்சிடாது.

சிங்கை மாடி

இது ஏர்ல நடந்தது இல்லை, முடிஞ்ச பிறகு நடந்தது.

மார்ச், டபிள்யூபிஎக்ஸ் போட்டி. நண்பர்கள் சேர்ந்து ஒரே ஸ்டேஷன்ல இருந்தோம், குழுவில் நான்தான் இளையவன். திங்கட்கிழமை காலை லாக் அனுப்புவதற்கு முன் மூத்தவர் ஒருவர் திரையை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் நின்றார். "ஏ-யூ-வா? இது வி-யூ தம்பி. தப்பா அடிச்சிட்ட." இணையத்தில் தேடினார். அதே எண், அதே பின்னெழுத்துகளோடு ஒரு வியூ (இந்தியாவுக்கு வழக்கமான முன்னெழுத்து) கோல்சைன் இருந்தது. "பாத்தியா? மாத்திடு."

அந்தத் தொடர்பு என் காதில் இன்னும் இருந்தது. "ஆல்ஃபா யூனிஃபார்ம்" என்று அவர் திருத்தமாகச் சொன்னார். முடிந்த பிறகு தரவுத்தளத்தைப் பார்த்து லாக்கைத் திருத்துவது விதிப்படியும் கூடாது. நான் மாற்ற மாட்டேன் என்றேன். அறையில் யாரும் என் பக்கம் பேசவில்லை. மூத்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

போட்டி நடத்துபவர்களின் லாக் சரிபார்ப்பு ரிப்போர்ட் வந்தபோது அந்த வரி சுத்தமாக இருந்தது. இந்திய ஹாம்கள் டபிள்யூபிஎக்ஸுக்கு ஏடி, ஏயூ என்று சிறப்பு முன்னெழுத்து வாங்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஒவ்வொரு முன்னெழுத்தும் ஒரு மல்டிப்ளையர் (மொத்தப் புள்ளியைப் பெருக்கித் தருவது) என்பதால். வியூ என்று மாற்றியிருந்தால் அந்தத் தொடர்பும் போய், மேலே தண்டப் புள்ளியும் விழுந்திருக்கும். இதை நான் அவரிடம் சொல்லவேயில்லை. அதன்பிறகு அவர் எங்களோடு உட்காரவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஏஎல்சி அண்ணன்

சிங்கை தம்பி, சொல்லாம விட்டதுதான் மரியாதை. பெரியவரை ஜெயிச்சு என்ன ஆகப் போகுது? ஆனா அடுத்த தடவை ஆடியோவை ரெக்கார்ட் பண்ணி வைங்க. சிக்யூ போட்டிகள்ல முன்வரிசைக்குப் போற தனி ஆபரேட்டர்கிட்ட ரெக்கார்டிங் இருக்கணும்னு விதியே இருக்கு. குழுவுக்கும் அது நல்ல பழக்கம்.

ஐம்பது வாட்

நான் வியூ3, ரெஸ்டிரிக்டட் கிரேடு லைசென்ஸ். மாடியில இன்வெர்டட் வீ ஆண்டெனா.

சனிக்கிழமை சாயங்காலம் 14 மெகால கேனரி தீவு ஸ்டேஷன் ஒண்ணு. கூப்பிட்டேன். "வியூ3... கடைசி எழுத்து கேட்கல, பிறகு முயற்சி பண்ணுங்க"ன்னு அடுத்தவருக்குப் போயிட்டார். வருத்தம் இல்ல, சனிக்கிழமைன்னா அப்படித்தான்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே ஸ்டேஷன், அதே குரல். இந்தத் தடவை கூட்டம் இல்ல. கூப்பிட்டேன், அதே இடத்துல மாட்டிக்கிச்சு. "பொறுங்க, எங்கேயும் போகாதீங்க, ஆண்டெனாவைத் திருப்புறேன்"ன்னார். நான் எஸ் மீட்டரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் முள் அரைப் புள்ளி ஏறுச்சு. இன்னும் கொஞ்சம். அந்தக் கோபுரத்து மேல யாகி என்னைப் பார்த்துத் திரும்புறது எனக்கு இங்க கண்ணுல தெரியுது! நடுநடுவுல "இன்னும் இருக்கீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். கடைசியில என் கோல்சைனை முழுசாச் சொன்னார். 59 33 வாங்கிக்கிட்டேன்.

காலை நெட்

தம்பி, நல்லா இருக்கு. ஆனா அவர் உங்களுக்காகத் திருப்பினாரா, மல்டிப்ளையருக்காகத் திருப்பினாரா?

ஏஎல்சி அண்ணன்

நெட் ஓஎம், அப்படிக் கேட்காதீங்க. ஞாயிறு ராத்திரின்னா 20 மீட்டர்ல (14 மெகா) இந்தியாவும் 22ம் மண்டலமும் அவர் லாக்ல எப்பவோ ஏறியிருக்கும். கேனரி கணக்குக்கு ஆப்பிரிக்கா, தம்பி ஆசியா, கிடைச்சது 3 புள்ளி. அந்த 3 புள்ளிக்கு பீமை (அந்த யாகியை) அவ்வளவு தூரம் திருப்பி, ரன்னை நிறுத்தி, மறுபடி பழைய பக்கம் திருப்பியிருக்கார். கூட்டம் இல்லாத நேரம்னாலும் காத்திருக்கணும்னு அவருக்குக் கட்டாயம் இல்லையே.

ஐம்பது வாட் தம்பி, அவருக்கு கார்டு (தொடர்பை உறுதிசெய்யுற க்யூஎஸ்எல் கார்டு) அனுப்பிடுங்க. தேதியையும் நேரத்தையும் யூடிசிப்படி (உலகப் பொது நேரம்) எழுதுங்க. நம்ம நேரத்தைப் போட்டா அவர் லாக்ல தேடினாலும் கிடைக்காது. 50 வாட், இன்வெர்டட் வீ, எத்தனை அடி உயரம்னும் எழுதுங்க. நேரா அனுப்புறதுக்கு முன்னாடி அவருக்காகக் கார்டு வேலையைப் பார்த்துக்கிற மேனேஜர் யாராவது இருக்காங்களான்னு பாருங்க, பெரிய ஸ்டேஷன்னா பெரும்பாலும் இருப்பாங்க.