காசுமாலைப் பவுனில் ஆண்டுக்கு மேல் சின்னதாக ஒரு எழுத்து, என்ன அது?

சுங்கை சிப்புட் பேத்தி:
பாட்டி விட்டுப்போன காசுமாலையில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பவுன், அதாவது சாவரின் என்கிற தங்கக்காசு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் வாளோடு ஒருவர், காலடியில் டிராகன். 1918 போட்ட காசில் ஆண்டுக்கு மேல் 'ஐ' என்று ஒரு எழுத்து, மற்றதில் 'எம்', 'எஸ்', சிலதில் ஒன்றுமே இல்லை. டவுன் நகைக்கடையில் காட்டினால் "பழைய காசும்மா, அழித்து சங்கிலி செய்துக்கோ" என்கிறார். அப்பாவுக்கு விற்றால் போதும், அம்மா தொடவே விடமாட்டேன் என்கிறார். இது அசல்தானா?

ஈப்போ காசுப்பெட்டி:
அவசரப்பட்டு அழித்துவிடாதீங்க தங்கச்சி. அந்த எழுத்து எந்த நாணயசாலையில் அடித்தது என்பதற்கான அடையாளம். எம் மெல்போர்ன், எஸ் சிட்னி, பி பெர்த், எழுத்தே இல்லையென்றால் லண்டன். 'ஐ' என்றால் இந்தியா, அதாவது பம்பாய், அங்கே இந்தக் காசில் போட்ட ஆண்டு 1918 ஒன்றுதான். முதல் உலகப்போர் நேரம், கடலில் தங்கம் அனுப்புவது ஆபத்து, இந்தியாவிலோ ரூபாய்க்கு வெள்ளி பற்றாக்குறை. அதனால் கைவசம் இருந்த தங்கத்தை அங்கேயே காசாக்கிவிடலாம் என்று லண்டன் நாணயசாலையின் கிளையைப் பம்பாயில் திறந்தார்கள். லண்டனிலிருந்து அச்சு வந்து சேரும்வரை சும்மா இருக்கவில்லை, பவுனின் அதே எடையில் 15 ரூபாய்த் தங்கக்காசு அடித்தார்கள். அப்புறம்தான் பவுன், சுமார் 13 இலட்சம். 1919இல் கிளையை மூடியாகிவிட்டது. குதிரைவீரர் புனித ஜார்ஜ், 1817இல் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலிக்காரர் செதுக்கிய படம், இன்றைக்கும் அதையேதான் அடிக்கிறார்கள்.

கிள்ளான் தராசு:
கதை நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனால் மாலையில் கோர்த்த காசுக்கு வளையம் பற்றவைத்திருப்பார்கள். அந்த இடத்தைப் பார்த்ததுமே சேகரிப்பவர் பின்வாங்கிவிடுவார். பம்பாய்க் காசு அப்படி ஒன்றும் அரிதும் இல்லை. ஆகவே கிடைப்பது தங்கத்தின் விலைதான், ஆனால் அதையாவது முழுசாக வாங்குங்க. ஒரு காசு 7.98 கிராம், 22 காரட், சுத்தத் தங்கம் மட்டும் 7.32 கிராம். வளையத்தோடு நிறுத்தால் கூடத்தான் காட்டும், அதைச் சாக்காக வைத்து இஷ்டத்துக்குக் கழிவு போட்டால் எழுந்து வந்துவிடுங்க. அசலா என்று பார்க்க குறுக்களவு 22 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று முதலில் அளக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. 1950களில் லெபனானில் நல்ல தங்கத்திலேயே போலி அடித்திருக்கிறார்கள், எழுத்து மழுங்கலாக இருந்தால் சந்தேகப்படலாம்.

ஈப்போ காசுப்பெட்டி:
அதுவும் சரிதான். ஆனால் 1917 போட்டு, எழுத்தே இல்லாத காசு இருக்கிறதா பாருங்க. லண்டனில் அடித்த 1917 கிடைப்பது ரொம்ப அரிது, வளையம் இருந்தாலும் அதை மட்டும் தெரிந்தவரிடம் காட்டாமல் விற்கக்கூடாது. போலியும் அதற்குத்தான் அதிகம்.

சுங்கை சிப்புட் பேத்தி:
நன்றி அண்ணே. 1917 ஒன்று இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், குதிரைக் குளம்புக்குக் கீழே 'பி' தெளிவாகத் தெரிகிறது. பெர்த்தாம். அம்மா எல்லாவற்றையும் மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார், அப்பா இன்னும் தங்க விலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.