எண்டோஸ்கோபியில் ஒன்றுமே இல்லை, அப்புறம் எதற்கு இரைப்பையை எடுக்கிறார்கள்?

மலைக்கோட்டை:
நியூசிலாந்தில் டௌரங்கா பக்கம் ஒரு மாவோரி குடும்பம். முப்பது வருஷத்தில் 25 பேர் இரைப்பைப் புற்றுநோயில் இறந்திருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு வயது வெறும் 14. 1998-இல் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்ட் குழு இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்த பிறகு, அந்தக் குடும்பத்தில் நன்றாக இருந்தவர்களே இரைப்பையை முழுதாக எடுத்துக்கொண்டார்களாம். வருஷாவருஷம் எண்டோஸ்கோபி பார்த்தால் போதாதா?

லேப்வாசி:
போதாது, அதுதான் இந்த நோயின் கொடுமை. அந்த மரபணுவின் பெயர் சிடிஎச்1, பதினாறாவது குரோமோசோமில் இருக்கிறது. ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தை உண்டாக்குவது அதன் வேலை, பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது அந்தப் புரதத்தால்தான். நம் எல்லோருக்கும் இதில் இரண்டு பிரதி உண்டு. இவர்களுக்குப் பிறக்கும்போதே ஒன்று பழுது. மிச்சமிருக்கும் ஒன்றும் ஏதோ ஒரு செல்லில் அணைந்துபோனால் (பெரும்பாலும் மெத்திலேஷன், அதாவது மரபணுவை அணைத்துவைக்கும் ஒரு ரசாயனக் குறி, ஏறி வாயடைத்துப் போகிறது) அந்தச் செல் பிடி நழுவித் தனியாகப் போய்விடும். கட்டியாகத் திரளாமல், மேல்சவ்வுக்கு அடியில் ஒவ்வொன்றாகப் பரவும். மேலே பார்த்தால் சவ்வு வழவழவென்று நன்றாகவே இருக்கும், அதனால் டாக்டர் முப்பது இடத்தில் பயாப்ஸி எடுத்தாலும் தப்பிவிடலாம். அப்படி 'சுத்தம்' என்று சொல்லப்பட்டு அறுவை செய்து எடுத்த இரைப்பைகளை முழுக்க நறுக்கிப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் கண்ணுக்குத் தெரியாத புற்றுப்புள்ளிகள் இருந்தன.

கடலோரன்:
சரி, ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் புள்ளிகளில் பல அப்படியே தூங்கிக் கிடக்கும். ஆரம்பத்தில் ஆபத்து 70-80 சதவீதம் என்றார்கள், அது நோய் கொத்துக்கொத்தாக வந்த குடும்பங்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. 2019-இல் வந்த ஆய்வில் ஆண்களுக்கு 42, பெண்களுக்கு 33 என்று இறங்கியது. அதனால் சிலர் நல்ல அனுபவமுள்ள மையத்தில் கண்காணிப்பிலேயே இருக்கிறார்கள். இரைப்பை போனால் உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும், ஆயுசுக்கும் பி12 ஊசி. இருபது வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! பெண்களுக்கு மார்பகத்தில் லோபுலர் வகைப் புற்றும் (பால் சுரக்கும் சுரப்பிகளில் தொடங்குவது) வரலாம், அதை யாரும் பேசுவதே இல்லை.

மலைக்கோட்டை:
கேட்டதற்கு நிஜக் காரணம், என் பெரியப்பா 71 வயதில் இரைப்பைப் புற்றில் போனார். நானும் மரபணு டெஸ்ட் எடுக்கணுமா?

லேப்வாசி:
வீட்டில் அவர் ஒருவருக்குத்தான், அதுவும் 71-இல் என்றால் சிடிஎச்1-ஆக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. இரைப்பைப் புற்றில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஒன்றிரண்டு, கூடிப்போனால் மூன்று. மிச்சத்தில் பெரும்பங்குக்குப் பின்னால் நிற்பது ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. இரைப்பை அழற்சி, பிறகு சவ்வு மெலிவது, பிறகு அந்தச் சவ்வு குடல் சவ்வு மாதிரி மாறுவது, இப்படிப் பல வருஷம் எடுத்துத்தான் புற்றாகும். கூடவே உப்பில் ஊறியதும் புகையில் வாட்டியதும் புகையிலையும் சேரும், இந்தியாவில் மிசோரமில் இந்த நோய் அதிகம் இருப்பதற்கு இவையெல்லாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன. உங்களுக்குத் தோதானது மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ. கிருமி இருந்தால் இரண்டு வாரம் மாத்திரை. அவருடைய பயாப்ஸி ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் 'டிஃப்யூஸ்' அல்லது 'சிக்னெட் ரிங்' (மேலே சொன்ன மாதிரி செல்கள் தனித்தனியாகப் பரவும் வகை) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்து, சொந்தத்தில் ஐம்பதுக்குள் வேறு யாருக்காவது வந்திருந்தால் மரபியல் ஆலோசகரிடம் போகலாம்.

மலைக்கோட்டை:
ரிப்போர்ட் பெரியம்மாவிடம் இருக்கும், கேட்டுப் பார்க்கிறேன். நன்றி.