மறு: வயர் உள்ளுக்குள் அறுவதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

காரில் பொத்தானை அழுத்தினால் தானே ஏறி இறங்கும் பின்கதவுக்குத் தமிழில் என்ன பெயர் என்று இந்த மடற்குழுவில் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், முன்னால் இருப்பதும் போனட், பின்னால் இருப்பதும் போனட்தான். தமிழ்நாட்டிலிருந்து எழுதுபவர்கள் டிக்கி என்கிறீர்கள். ‘தானேறு பின்கதவு’ காதுக்கு நன்றாக இருக்கிறது, சரி, அதையே வைத்துக்கொள்வோம். என் பட்டறைக்கு அவசரமாக வேண்டிய சொல் வேறு.

போன வாரம் ஒரு தோட்டத்துக் கிராணி (கணக்கர்) தன் வண்டியைக் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தினால் பீப் என்று சத்தம் வரும், பூட்டு விடாது. சில நாள் விடும். வேறொரு பட்டறையில் பூட்டையே மாற்றியிருந்தார்கள், பழுது போகவில்லை. நம்பர் பிளேட் விளக்கும் மங்கலாக எரிகிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த துப்பு. பூட்டும் விளக்கும் சேர்ந்து சோர்ந்தால் இரண்டுக்கும் பொதுவான எர்த் வயரை, அதாவது மின்சாரம் வண்டியின் உடம்புக்குத் திரும்பும் வயரை, பார்க்க வேண்டும்.

மீட்டரை வைத்தேன். வயரின் இரு முனைக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறது என்று அது கூவியது. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். மீட்டர் அனுப்புவது துளி மின்னோட்டம். ஒரே ஒரு செம்பு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது கடந்துவிடும். பூட்டு மோட்டார் கேட்பது அப்படியல்ல. ரப்பர் பால் வாளிகளை இரு முனையிலும் மாட்டித் தோளில் சுமக்கும் காண்டா கம்பை வெறுமனே தூக்கிப் பார்த்தால் நேராகத்தான் தெரியும், இரண்டு வாளிப் பாலையும் மாட்டினால்தான் விரிசல் முனகும். அதனால் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை எடுத்து, ஒரு காலை நேராக பேட்டரியின் பிளஸ்ஸிலும், மறுகாலை அந்த எர்த் வயரின் கதவு முனையிலும் மாட்டினேன். நல்ல வயராக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்திருக்கும். இது அணையப்போகும் கரியைப் போலச் சிவந்தது. கதவைக் கையால் பாதி தூக்கினேன், பளிச். இறக்கினேன், மறுபடி கரி.

கீலுக்குப் பக்கத்தில் வயர்க்கட்டு நுழையும் ரப்பர் உறையைக் கழற்றினேன். எல்லா வயரும் புதுசு மாதிரி. ஒவ்வொன்றாக மெல்ல இழுத்தபோது கருப்பு வயர் மட்டும் ரப்பர் பேண்ட் போல நீண்டது. உள்ளே செம்பு இருந்தால் நீளுமா? பிளாஸ்டிக்கைக் கீறிப் பார்த்தால் களிம்பேறி அறுந்த இழைகள், இரண்டு மட்டும் முனையோடு முனை தொட்டுக்கொண்டு.

இதற்கு என்ன பெயர்? பட்டறையில் எல்லாமே ‘சார்ட்’. பியூஸ் போனாலும் சார்ட், பல்பு எரியாவிட்டாலும் சார்ட். உண்மையில் சார்ட், அதாவது குறுக்குச்சுற்று, என்பது மின்சாரம் போகக் கூடாத வழியில் போவது. இதுவோ போக வேண்டிய வழி அடைபடுவது, நேர் எதிர். பாடநூல் தரும் ‘திறந்த சுற்று’ கதவு வேலையில் உதவாது. “கதவு திறந்ததும் சுற்று மூடுகிறது” என்று நான் எழுதினால் என் பையனே என்னை ஒரு மாதிரிப் பார்ப்பான். ‘அறுசுற்று’ என்றால் ஆறு சுற்றா என்பார்கள்.

முந்தைய மடல்களுக்கு வருகிறேன்.

> ‘பட்ட கம்பி’ என்போமே. பட்ட மரம் வெளியே நிற்கும், உள்ளே செத்திருக்கும்.

கூலிம் அண்ணே, பால்மரத்தோடு (ரப்பர் மரத்தோடு) வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் பட்ட மரம் துளிர்க்காது. இந்த வயர் கதவு பாதி ஏறினால் பிழைத்துக்கொள்கிறது.

> ‘மறைமுறிவு’ சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் மறை என்றால் எங்களுக்குத் திருகாணி மறை. மறைமுறிவு என்று ரசீதில் எழுதினால், போல்ட்டுக்கு ஏன் இவ்வளவு காசு என்று சண்டைக்கு வருவார்கள்.

> முறிவது எலும்பும் கிளையும். நூலும் கயிறும் அறும். வயர் முறியுமா?

ஈப்போ ஆசிரியர் ஐயா கேட்டது இது. நானும் முதலில் ‘அறுதல்’ பக்கம்தான் இருந்தேன். ஆனால் கயிறு அறுவது தேய்ந்தோ இழுபட்டோ. இந்த வயர் இழுபடவில்லை. கதவு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடங்கி நிமிர்ந்தது. செம்பை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் இறுகும், இறுகினது ஒரு நாள் படக்கென்று போகும். ஒரு துண்டுக் கம்பியைக் கையில் வைத்து மடக்கிப் பாருங்கள் ஐயா, விரலுக்கே தெரியும். அது முறிவுதான்.

ஆகவே என் பரிந்துரை ‘உள்முறிவு’: உறை கெடாமல் உள்ளே இழைகள் முறிவது. ‘உறையுள் முறிவு’ என்றும் யோசித்தேன். உண்டி, உடை, உறையுள் நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன், வீட்டுக்கடன் பிரச்சினை மாதிரி இருக்கிறது.

கூடவே ஒரு குறிப்பு. மடங்கும் இடத்திலேயே ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். ஈயம் ஊறிய இழை விறைத்துக்கொள்ளும், அதன் விளிம்பிலேயே மறுபடி உள்முறிவு வரும். மடிப்புக்கு இரு புறமும் தள்ளி வெட்டி, இடையில் மெல்லிய இழைகள் நிறைந்த, நன்றாக வளையும் வயரைச் சேர்க்க வேண்டும்.

—

ஈப்போ ஆசிரியரின் மறுமொழி: ஐயா, மடக்கிப் பார்த்தேன். பதினோராவது மடக்கில் போய்விட்டது, முறிந்துதான் போனது. ‘முறிவு’க்கு என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மின்காப்பு முறிவு என்று வேறொன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

—

அதில் முறிவது காப்பு, ஐயா, இதில் முறிவது கம்பி. குழப்பம் வருமென்றால் முதல் தடவை மட்டும் ‘கம்பி உள்முறிவு’ என்று முழுசாக எழுதிவிடலாம். கிராணி நாளைக்கு வண்டி எடுக்க வருகிறார். ரசீதில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், என்ன கேட்கிறார் என்று பார்ப்போம்.