மெழுகுவர்த்தி, எல்.இ.டி., ஊசல்: புதுப் பாடநூலோடு சோதனைகளும் மாறணும் (அனுபவப் பகிர்வு)

நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்:
தமிழ்நாட்டில் 2018-19 முதல் பாடநூல் மாறியது, கியூஆர் கோடும் வந்தது. ஆனாலும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று காட்ட, தண்ணீர்த் தட்டில் எரியும் மெழுகுவர்த்தி மேல் டம்ளரைக் கவிழ்த்து, தண்ணீர் ஏறுவதைக் காட்டும் பழைய வித்தையை வகுப்புகள் விடவில்லை. அது அதை நிரூபிக்காது. தட்டில் 2 செ.மீ. உயரம் சாயத் தண்ணீர், வாய் அகன்ற கண்ணாடி பாட்டில், கேக் மெழுகுவர்த்தி போதும். முதலில் 1 ஏற்றுங்கள், பிறகு 3. மூன்றுக்குத் தண்ணீர் கூடுதலாக ஏறும். பாட்டிலில் இருந்த ஆக்சிஜன் இரண்டு தடவையும் ஒன்றுதானே! சூட்டில் விரிந்த காற்று முன்பே வெளியேறிவிடுகிறது, விளிம்பில் குமிழி தெரியும். சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. தண்ணீர் 'சர்'ரென்று ஏறுவது அணைந்த பிறகுதான். ஆக்சிஜன் முழுசாகத் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை வெப்பப் பாடத்துக்கு மாற்றிவிடலாம்.

ஆக்சிஜன் அளவுக்கு, வினிகரில் நனைத்து உதறிய இரும்பு நாரைச் சோதனைக் குழாயின் அடியில் திணித்து, தண்ணீரில் தலைகீழாக ஒரு நாள் நிறுத்துங்கள். துரு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறும். பாத்திரம் தேய்க்கும் பளபள ஸ்டீல் நார் வேண்டாம், அது துருப்பிடிக்காது. பெயின்ட் கடையில் கேளுங்கள்.

வானவில் மன்றக் (அரசுப் பள்ளிகளில் அறிவியல் சோதனைகளைச் செய்து கற்பிக்கும் திட்டம்) கருத்தாளர்:
சரியாச் சொன்னீங்க சார். மின்சுற்றிலும் இதே கதைதான். டார்ச் பல்புக்குப் பதில் எல்.இ.டி. கொடுத்தால், ஒரு 1.5 வோல்ட் செல்லில் எரியாது; சிவப்புக்கே 2 வோல்ட் அளவு வேண்டும். இரண்டு செல், 100 ஓம் மின்தடை, நீளக் கால் பிளஸ் பக்கம். எரியவில்லையா, முதலில் காலைத் திருப்பிப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி என்றால் 470 ஓம் இல்லாமல் தொடவே கூடாது, நொடியில் போய்விடும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை:
ஊசலையும் சேர்த்துக்குங்க சார். நூலில் ஒரு கல்லைக் கட்டி ஆடவிடணும். நூல் 1 மீட்டர் என்றால், 20 அலைவுக்கு (போய்த் திரும்பி வந்தால் ஒரு அலைவு) 40 நொடி. 38 வந்தால் பிள்ளை கல்லை விடும்போதே "ஒன்று" என்று எண்ணியிருக்கும்; "பூஜ்யம்" என்று தொடங்கச் சொல்லுங்க. நீளத்தை முடிச்சு வரை இல்லை, கல்லின் நடு வரை அளக்கணும்.